நெடுந்தேரும் சேம அச்சும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



அழைப்பிதழில் என் தலைப்பைக் கண்டவர்கள் இது சங்க இலக்கியச் சொற்பொழிவு என்றே எண்ணியிருப்பீர்கள். தேரும் அச்சும் சங்கப் பாடல்களில் உருள்பவைதாம். ஆயினும் நான் இன்று பேச எடுத்துக்கொண்டது மோட்டார் வண்டிகளைப் பற்றியே. 1961-இல் பிறந்த ஒரு ஸ்போர்ட்ஸ் காரையும், இன்று குடும்பங்கள் ஏறிச் செல்லும் ஒரு செடான் காரையும் உங்கள் முன் அருகருகே நிறுத்தி ஒப்பிட விரும்புகிறேன். தமிழ் படிப்பிக்கும் ஒருத்திக்கு இயந்திரத்தோடு என்ன வேலை என்று சிலர் புன்னகைக்கலாம். நம் பழம்புலவர்கள் அப்படிப் புன்னகைத்ததில்லை. தம் காலத்து வண்டிகளை அவர்கள் தச்சர் பார்ப்பதுபோல் கூர்ந்து பார்த்தார்கள். பார்த்ததைப் பாட்டிலும் வைத்தார்கள்.

அவர்கள் பார்த்தவை இரண்டு வகை வண்டிகள். ஒன்று தேர். தாமரை மொட்டுப் போன்ற கொடுஞ்சி உடையது. விரைந்த குதிரைகள் பூண்டது. தலைவனும் பாகனும் ஏறுவது. அகநானூற்றின் நான்காம் பாடலில் குறுங்குடி மருதனார் காட்டும் தலைவன், சோலையில் துணையோடு இருக்கும் வண்டுகள் ஓசை கேட்டு அஞ்சிவிடக் கூடாதே என்று தன் தேர்மணியின் நாவைக் கட்டிவிட்டு வருகிறான். பாரி தன் தேரை முல்லைக்கே கொடுத்தான். அழகு, விரைவு, வள்ளன்மை, காதல் ஆகிய அனைத்தும் தேரைச் சூழ்ந்து நிற்கின்றன.

மற்றொன்று உமணரின் உப்பு வண்டி. அதற்குக் கொடுஞ்சி இல்லை, குதிரையும் இல்லை. எருதுகள் இழுக்க, மேடு பள்ளம் பாராமல் ஊர் ஊராகச் செல்வது. பெரும்பாணாற்றுப்படை காட்டும் உப்பு வண்டியில் எருதுகளை ஓட்டுபவள் குழந்தை உடைய ஒரு பெண். அந்த வண்டியே அவர்களுக்கு வீடு; அதுவே அவர்களுக்குக் கடை. புறநானூற்றின் 102-ஆம் பாடலில் ஔவையார், அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் பாட வருகிறார். அரசிளங்குமரனுக்கு உவமையாக அவர் தேரைத் தேர்ந்தெடுக்கவில்லை. வழியில் அச்சு முறிந்தால் என்ன செய்வது என்று அஞ்சி, உமணர் தம் வண்டியின் அடியில் கட்டிச் செல்லும் சேம அச்சை உவமையாக்குகிறார். எவர் கண்ணிலும் படாமல் வண்டியின் கீழே கட்டுண்டு கிடக்கும் ஒரு மரத்துண்டை அரசனுக்கு ஒப்புரைக்க ஒரு புலவருக்கு எவ்வளவு துணிவு வேண்டும்! இந்த இரண்டு வண்டிகளையும் மனத்தில் இருத்திக்கொண்டு நாம் இருபதாம் நூற்றாண்டுக்குள் நுழைவோம்.

தேர்

1961 மார்ச்சில் ஜெனீவா மோட்டார் கண்காட்சியில் இங்கிலாந்தின் ஜாகுவார் நிறுவனம் ‘இ-டைப்’ என்னும் காரை உலகுக்குக் காட்டியது. அதை ஓட்டிப் பார்க்க வந்த கூட்டத்துக்கு ஒரு கார் போதவில்லை. ஆகவே நிறுவனத்தின் சோதனை ஓட்டுநர் நார்மன் டியூயிஸ், கோவென்ட்ரி நகரத் தொழிற்சாலையிலிருந்து இன்னொரு காரை இரவெல்லாம் ஓட்டிக்கொண்டு மறுநாள் ஜெனீவா போய்ச் சேர்ந்தார். அந்த இரவுப் பயணத்தை மோட்டார் உலகம் இன்றும் காப்பியம்போல் சொல்லி மகிழ்கிறது.

நீண்ட மூக்கு, பின்னொதுங்கிய சிறு அமர்விடம், எங்கும் முறியாத வளைகோடுகள். இந்த அழகைச் சமைத்தவர் மால்கம் சேயர். அவர் விமானத் தொழிற்சாலையில் பணியாற்றிவிட்டு வந்தவர், காற்றியக்க அறிஞர். காரின் வளைவுகளை அவர் கணக்கால் வரைந்தார். ஒவ்வொரு புள்ளியும் எங்கே நிற்க வேண்டும் என்பதை எண்களால் தீர்மானித்தார். தம்மை அழகுக் கலைஞர் என்று பிறர் சொல்வதை அவர் விரும்பியதில்லை என்பர். காற்றின் இலக்கணத்துக்கு அவர் கட்டுப்பட்டார். அழகு தானே வந்து அமர்ந்தது. யாப்புக்குக் கட்டுப்பட்டு எழுதியவர்கள் இதன் பொருளை என்னினும் நன்கு அறிவீர்கள்.

அக்காரின் உள்ளே 3.8 லிட்டர் கொள்ளளவும் ஆறு சிலிண்டர்களும் கொண்ட என்ஜின். அதற்கு மூன்று கார்புரேட்டர்கள். 265 குதிரைத் திறன் என்று நிறுவனம் அறிவித்தது. மணிக்கு 150 மைல், அதாவது ஏறத்தாழ 240 கிலோமீட்டர் விரைவு என்று விளம்பரம் செய்தது. நான்கு சக்கரங்களுக்கும் டிஸ்க் பிரேக் இருந்தது. அந்நாளில் அது அரிது. இவ்வளவும் அன்று 2,100 பவுனை ஒட்டிய விலையில் கிடைத்தன. அதற்கு நிகராக ஓடிய இத்தாலியக் கார்களின் விலையோ இதைப்போல் இரு மடங்குக்கும் மேல்.

அதை ஓட்டுவது எப்படி இருந்தது? முதல் கியரில் சின்க்ரோமெஷ் என்னும் இணக்க அமைப்பு இல்லை. வண்டி ஓடிக்கொண்டிருக்கையில் முதல் கியருக்கு இறங்க வேண்டுமாயின் என்ஜினின் வேகத்தையும் சக்கரத்தின் வேகத்தையும் ஓட்டுபவரே காதால் கேட்டுக் காலால் பொருத்த வேண்டும். பொருத்தம் தவறினால் பற்சக்கரங்கள் பல்லை நறநறக்கும். மூன்று கார்புரேட்டர்களும் ஒரே சுருதியில் மூச்சு வாங்குமாறு அவ்வப்போது சரிசெய்தல் வேண்டும். நெரிசலில் நின்றால் என்ஜின் சூடேறும். வெப்பமானியில் ஒரு கண் இருந்தாக வேண்டும். மரவளையம் பூட்டிய ஸ்டீயரிங் சாலையின் ஒவ்வொரு கல்லையும் உள்ளங்கைக்குச் சொல்லும். ஓட்டுநருக்கும் இயந்திரத்துக்கும் இடையில் மூன்றாமவர் எவரும் இல்லை. இது பேசும் வண்டி. கேட்கத் தெரிந்தவருக்கு இன்பம், கேளாதவருக்கு இடர்.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். தொடக்க காலக் கார்களில் உயரமானவர்களால் காலை நீட்ட முடியவில்லை. இருக்கைகள் நெடும்பயணத்துக்கு ஆகாதவை. யாவற்றினும் பெரிய குறை ஒன்று உண்டு. ஆனால் 1961-இல் அது ஒரு குறையாக எவருக்கும் தோன்றியிராது. அந்தக் காரில் இருக்கைகள் இரண்டே.

தேரில் குழந்தைகள் ஏறிய கதை

1966-இல் ஜாகுவார் ஒரு புதிய இ-டைப்பைக் கொண்டுவந்தது. இரு சக்கர அச்சுகளுக்கும் இடைப்பட்ட நீளத்தை 9 அங்குலம் கூட்டி, கூரையை உயர்த்தி, பின்னால் இரண்டு சிறிய இருக்கைகளை வைத்தார்கள். பழைய காரை வாங்கியவர்களுக்குத் திருமணமாகிக் குழந்தைகளும் பிறந்திருந்தால் அவர்கள் வேறு கம்பெனிக்குப் போய்விடுவார்களே! சுவைஞர்கள் முகம் சுளித்தார்கள். கோடு கெட்டது, உருவம் கனத்தது என்றார்கள். அவர்கள் சொன்னது மெய்யே. சேயர் வரைந்த கோடு அந்த 9 அங்குலத்தில் தளர்ந்துதான் போயிற்று. ஆனால் அந்த 9 அங்குலத்தில்தான் இரண்டு குழந்தைகள் அமர்ந்தார்கள்.

1968-இல் அமெரிக்க அரசின் பாதுகாப்பு விதிகள் நடைமுறைக்கு வந்தன. முகப்பு விளக்குகளை மூடியிருந்த வழவழப்பான கண்ணாடி மூடிகள் போயின. மோதலில் உடம்பில் குத்தும் நீட்டுச் சுவிட்சுகள் போய், தட்டைச் சுவிட்சுகள் வந்தன. புகைக் கட்டுப்பாட்டால் அமெரிக்காவுக்கு அனுப்பிய வண்டிகளின் திறன் குறைந்தது. பிற்காலத்து இ-டைப்புகளை விட முற்காலத்தவையே இன்று பெருவிலைக்குப் போகின்றன. சுவைஞர் தீர்ப்பு அது. அத்தீர்ப்பை நான் மறுக்கவில்லை. ஆயினும் ஒரு வினா எழுகிறது. ஒரு வடிவம் குழந்தைக்கு இடம் கொடுத்ததாலும், மோதும் முழங்காலுக்கு இரங்கியதாலும் அழகு குறைந்தது என்றால், அந்தக் குறைவுக்கு நாம் என்ன பெயரிடுவது? வீழ்ச்சி என்றா, வளர்ச்சி என்றா?

வண்டி

இனி, இன்றைய செடானுக்கு வருவோம். உலகெங்கும் குடும்பக் கார் என்று பெயர் பெற்ற டொயோட்டா கேம்ரியை எடுத்துக்கொள்கிறேன். ‘கன்முரி’ என்ற ஜப்பானியச் சொல்லின் திரிபே கேம்ரி. அதன் பொருள் மகுடம். ஆனால் இந்த மகுடத்தைக் கண்டு தெருவில் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வண்டி நிறுத்துமிடத்தில் பத்துக் கார்களுக்கு நடுவே நம் காரைக் கண்டுபிடிக்கச் சாவியை அழுத்தி ஒலி எழுப்ப வேண்டியிருக்கிறது.

எண்களைச் சற்றே அடுக்கிப் பார்ப்போம். இ-டைப்பின் நீளம் ஏறத்தாழ 4.45 மீட்டர், உயரம் 1.22 மீட்டர். அண்மைய கேம்ரியின் நீளம் 4.9 மீட்டர், உயரம் 1.44 மீட்டர். முன்னதில் இருவர், பின்னதில் ஐவர். நின்ற நிலையிலிருந்து மணிக்கு 60 மைல் விரைவை எட்ட இ-டைப்புக்கு 7 நொடி ஆயிற்று. அன்றைய உலகம் மூக்கில் விரல் வைத்தது. பெட்ரோல் என்ஜினோடு மின்மோட்டாரும் சேர்ந்து இழுக்கும் கேம்ரி அதே விரைவை ஏறத்தாழ அதே 7 நொடியில் எட்டுகிறது. பின்னிருக்கையில் உறங்கும் பாட்டி விழிப்பதில்லை. இ-டைப் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஆறேழு கிலோமீட்டர் ஓடிற்று. கேம்ரி 20 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. அன்று வீரம் எனப் பாடப்பட்டது இன்று வழக்கமாகிவிட்டது. எந்தக் கலையிலும் நேர்வதுதான் இது. ஒரு தலைமுறையின் புதுமை அடுத்த தலைமுறையின் பேச்சுநடை.

எனினும் விரைவும் சிக்கனமும் இந்தச் செடானின் உண்மையான பெருமை என்று நான் கருதவில்லை. அதன் பெருமை வண்டிக்கு அடியில், தகட்டுக்கு உள்ளே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. அதைக் காண நாம் ஒரு மோதலைப் பார்த்தாக வேண்டும்.

ஒரு மோதல்

அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்கள் சேர்ந்து நடத்தும் சாலைப் பாதுகாப்பு ஆய்வு நிலையம் ஒன்று 1959-இல் தோன்றியது. 2009-இல் அது தன் பொன்விழாவை எப்படிக் கொண்டாடிற்று தெரியுமா? மலர் வெளியிடவில்லை, கவியரங்கமும் நடத்தவில்லை. தான் பிறந்த ஆண்டில் வந்த 1959 செவர்லே பெல் ஏர் காரையும், 2009-ஆம் ஆண்டின் செவர்லே மாலிபு என்னும் குடும்பச் செடானையும் மணிக்கு 40 மைல் விரைவில் நேருக்கு நேர் மோதவிட்டது. இரண்டிலும் ஓட்டுநர் இடத்தில் சோதனைப் பொம்மைகள் அமர்ந்திருந்தன.

‘அந்தக் காலத்து இரும்பு’ என்று நாம் பெருமூச்சு விடுவோமே, அந்த இரும்பு அன்று சோதனைக்கு வந்தது. பெல் ஏர் ஸ்போர்ட்ஸ் கார் அன்று. ஆனால் இ-டைப்பின் காலத்தைச் சேர்ந்தது. அக்காலத்து எண்ணத்தால் ஆனது. மோதலில் அதன் அமர்விடம் நொறுங்கி உள்வாங்கியது. முன்பலகையும் ஸ்டீயரிங்கும் பொம்மையை நெருக்கின. மெய்யான ஓட்டுநராக இருந்தால் உயிர் பிழைத்திருக்க மாட்டார் என்று ஆய்வாளர்கள் கணித்தனர். மாலிபுவின் மூக்கு காகிதம்போல் கசங்கியது. ஆனால் அமர்விடம் குலையவில்லை. ஓட்டுநருக்குக் காலில் சிறு காயம் நேர்ந்திருக்கலாம், அவ்வளவே.

இதன் காரணத்தைக் கவிஞர்கள் சிந்திக்க வேண்டும். பழைய வண்டி எங்கே நெகிழ வேண்டும் என்று அறியாமல் விறைத்து நின்றது. தான் தாங்கிய அடியை உள்ளிருந்தவரின் உடம்புக்குக் கடத்தியது. புதிய வண்டி தன் முகத்தைக் கொடுத்து உள்ளிருப்பவரைக் காத்தது. கசங்குவதற்கென்றே ஒரு பகுதியையும், கசங்காமல் இருப்பதற்கென்றே ஒரு கூட்டையும் வேறு வேறாகப் படைக்க வேண்டும் என்னும் எண்ணம் பேலா பாரன்யி என்பவருடையது. ஆஸ்திரியாவில் பிறந்து மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய அப்பொறியாளர் 1950-களின் தொடக்கத்திலேயே அதற்குக் காப்புரிமை பெற்றார். 1959-இல் அது மெர்சிடிஸ் கார்களில் இடம்பெற்றது.

அதே 1959-இல் ஸ்வீடனின் வால்வோ நிறுவனத்தில் நில்ஸ் போலின் என்பவர் மூன்று இடங்களில் பூட்டும் இருக்கைப் பட்டையை உருவாக்கினார். அதற்கு முன் அவர் போர்விமானத்திலிருந்து விமானியைத் தூக்கி எறிந்து காப்பாற்றும் இருக்கைகளை வடிவமைத்துக்கொண்டிருந்தவர். ஆளை வெளியே எறியும் கலையில் வல்லவர், ஆளை உள்ளேயே பிடித்துவைக்கும் கலைக்கு வந்தார். தோளின் குறுக்கே ஒன்று, இடுப்பின் குறுக்கே ஒன்று. ஒற்றைக் கையால் மாட்டிக்கொள்ளலாம். வால்வோ அதற்குக் காப்புரிமை பெற்றும், பிற நிறுவனங்களும் தடையின்றிப் பயன்படுத்திக்கொள்ள விட்டுக்கொடுத்தது. பாரி தேரைக் கொடுத்தான். இது பட்டையைக் கொடுத்த கொடை. இ-டைப்பின் வளைகோட்டைப் பாடியவர் பலர். இந்தப் பட்டையைப் பாடியவர் யார்? உமணர் வண்டியின் அடியில் கட்டிய சேம அச்சு இதுதான். ஔவையார் இன்று இருந்தால் இ-டைப்பைப் பார்த்துச் சிரித்துவிட்டு, இருக்கைப் பட்டையைத் தொட்டுப் பார்த்திருப்பார் என்றே நான் எண்ணுகிறேன்.

யாருக்கு இருக்கை?

புதிய வண்டியைப் போற்றுவதால் அது குற்றமற்றது என்று நான் சொல்வதாகக் கொள்ள வேண்டா. மோதல் சோதனையில் அமர்ந்த பொம்மை யாருடைய உடம்பு என்று கேளுங்கள். நெடுங்காலம் அது நடுத்தர அளவுள்ள ஓர் ஆணின் உடம்பு. பெண்ணுக்கென வந்த பொம்மையும், பெண்ணின் எலும்பையும் கழுத்தையும் இடுப்பையும் ஆராய்ந்து செய்ததன்று; பெரும்பாலும் ஆண் பொம்மையைச் சுருக்கியதே. சராசரிப் பெண்ணின் உடலமைப்புக்கு ஏற்ற ஒரு பொம்மையை ஸ்வீடனில் அஸ்ட்ரிட் லிண்டர் என்னும் ஆய்வாளரின் குழு வெளிக்கொணர்ந்தபோது ஆண்டு 2022.

நம் நாட்டிலும் நோக்குங்கள். ஓட்டுநருக்குக் காற்றுப்பை கட்டாயமானது 2019-இல். அவர் அருகில் அமர்பவருக்கு அது கட்டாயமாகத் தொடங்கியது 2021-இல். அந்த இடைக்காலத்தில் முன்னிருக்கையில், மடியில் பையோ குழந்தையோ வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தவர் பெரும்பாலும் யார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இத்தனைக்கும், காரில் முதன்முதலாக நெடும்பயணம் போனவரே ஒரு தாய்தான். 1888 ஆகஸ்டில் ஜெர்மனியின் மான்ஹைம் நகரிலிருந்து பெர்த்தா பென்ஸ், கணவர் கார்ல் பென்ஸ் அறியாமல், தம் பிள்ளைகள் இருவரையும் ஏற்றிக்கொண்டு, 100 கிலோமீட்டருக்கு மேல் தொலைவிலிருந்த போர்ட்ஸ்ஹைமுக்குத் தம் தாய்வீடு நோக்கிப் போனார். வழியில் எரிபொருள் குழாய் அடைத்துக்கொள்ள, தொப்பி ஊசியால் அடைப்பு நீக்கினார். எரிபொருள் தீர, மருந்துக் கடையில் வாங்கி ஊற்றினார். பிரேக் தேய, தோல் பொருத்தச் செய்தார். குழந்தையோடு எருதோட்டிய உமணப் பெண்ணின் தங்கை இவர். மோட்டார் வண்டியின் வரலாறு பந்தயத்தில் தொடங்கிற்று என்பார்கள். அன்று, அது பிள்ளைகளோடு அம்மா வீட்டுக்குப் போனதில் தொடங்கிற்று.

இழந்தது என்ன?

எதிர்த்தரப்பின் வாதத்தையும் நேர்மையோடு முன்வைக்க வேண்டும். புதிய செடானில் நாம் இழந்தவை உண்டு. முதலாவது, முகம். காற்றுக்கும் சட்டத்துக்கும் சந்தைக்கும் ஒருங்கே ஒத்துப்போன உருவங்கள் ஒன்றையொன்று ஒத்துப்போயின. இரண்டாவது, உரையாடல். இன்றைய வண்டி தன் வலியை ஓட்டுநருக்குச் சொல்வதில்லை. கணிப்பொறிக்குச் சொல்லி, ஒரு மஞ்சள் விளக்கை மட்டும் ஏற்றுகிறது. மூன்றாவது, பழுது பார்க்கும் உரிமை. பெர்த்தா பென்ஸின் தொப்பி ஊசிக்கு இன்றைய என்ஜினில் வேலை இல்லை. நான்காவது, கவனம். கையில் அதிர்வு இல்லாததால் ஓட்டுபவரின் மனம் திரையில் மேய்கிறது. விரைவு உணரப்படாமலேயே மிகுகிறது. கேட்கும் செவி மழுங்கினால் அதுவும் ஓர் இடர்தான்.

ஆகவே, பழையதில் கைக்குத் தெரியும் உண்மை இருந்தது; புதியதில் உடன்வருவோர்பால் பொறுப்பு இருக்கிறது. இரண்டும் கூடி நிற்க முடியாதா? முடியும் என்பதற்கு நம் சென்னையோடு தொடர்புடைய ஒரு சான்று உண்டு.

ஒரே எலும்பு

இங்கிலாந்தில் 1959-இல் டிரையம்ஃப் ஹெரால்ட் என்னும் சிறிய குடும்பக் கார் வந்தது. அதன் உருவத்தை வரைந்தவர் இத்தாலியரான ஜொவான்னி மிக்கெலோட்டி. அதே மிக்கெலோட்டி, ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கி, அதன் என்ஜினையும் சக்கர அமைப்பையும் எடுத்துக்கொண்டு ஒரு ஸ்போர்ட்ஸ் காரை வரைந்தார். அதுதான் 1962-இல் வெளிவந்த டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர். கூரையற்றது, இரண்டே இருக்கைகள். 1980 வரை அது விற்பனையில் இருந்தது. ஸ்போர்ட்ஸ் காரின் எலும்பு குடும்பக் காரிலிருந்து வந்தது. தேர் பிறந்தது வண்டியின் அச்சிலிருந்துதான்.

அந்த ஹெரால்டைச் சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் 1961 முதல் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் என்ற பெயரில் செய்தது. இங்கிலாந்தில் ஹெரால்டுக்கு இரண்டு கதவுகளே. பின்னிருக்கைக்குப் போக முன்னிருக்கையை மடித்து, உடம்பைக் குறுக்கி நுழைய வேண்டும். புடவை கட்டிய பாட்டியால் அது எப்படி ஆகும்? 1960-களின் பிற்பகுதியில் இந்திய ஹெரால்டுக்கு நான்கு கதவுகள் வைத்தார்கள். இங்கிலாந்து ஹெரால்ட் ஒருபோதும் காணாத கதவுகள் அவை. மிக்கெலோட்டியின் கோடு அதனால் சற்றே மாறியிருக்கும். ஆனால் பாட்டி கதவைத் திறந்துகொண்டு நிமிர்ந்து ஏறினார். ஒரே எலும்பிலிருந்து கோவென்ட்ரியில் இளைஞருக்கு ஒரு தேர். சென்னையில் பாட்டிக்கு ஒரு கதவு. மரபு என்று நான் மதிப்பது இதைத்தான். எலும்பு தொடர வேண்டும். கதவு காலத்துக்கும் ஆளுக்கும் ஏற்பத் திறக்க வேண்டும்.

கவிஞர்களிடம் ஒரு வேண்டுகோள்

அவையோரே, இவ்வளவும் கார்களைப் பற்றியே பேசினேன். ஆனால் நம் வட்டத்தில் பத்தாண்டுகளாக நடந்துவரும் வழக்கு ஒன்றை நீங்கள் இதற்குள் நினைத்திருப்பீர்கள். நம்முள் ஒரு சாரார் போனவற்றுக்கு இரங்கற்பா எழுதுகிறார்கள். மற்றொரு சாரார் அந்த இரங்கலை எள்ளுகிறார்கள். இரு சாராரிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு.

பழமையைப் பாடுவோரே, நீங்கள் பாடும் அழகு மெய்யானது, இ-டைப் அழகியதுதான். ஆனால் அந்த அழகில் யாருக்கு இருக்கை இருந்தது என்று ஒரு கணம் கேட்டுவிட்டுப் பாடுங்கள். கூட்டுக் குடும்பத்தைப் பாடும்போது அடுப்படியில் இருந்தவரைக் கேளுங்கள். பழைய ஊரைப் பாடும்போது ஊருக்கு வெளியே குடியிருந்தவரைக் கேளுங்கள். இருக்கை பெற்றிருந்தவர் மட்டுமே எழுதும் இரங்கற்பா பாதி உண்மையே. 

புதுமையைப் பாடுவோரே, பாதுகாப்பு எள்ளத்தக்கதன்று; ஆனால் செவி மழுங்காமல் இருங்கள். உங்கள் சொல்லில் சாலையின் கல் தெரியட்டும். எல்லாரும் ஒரே காற்றுக் குகையில் வார்த்தெடுத்த வரிகளை எழுதினால், நம் கவிதையையும் சாவியை அழுத்தித்தான் அடையாளம் காண வேண்டியிருக்கும்.

முடிவாக ஒன்று. 1996-இல் நியூயார்க் நகரின் நவீனக் கலை அருங்காட்சியகம் நீல நிற இ-டைப் ஒன்றைத் தன் நிரந்தரத் தொகுப்பில் சேர்த்துக்கொண்டது. தகுந்த செயல். ஆனால் குடும்பங்களைச் சுமந்து தேய்ந்த சாதாரணச் செடான்கள் எங்கே போகின்றன? காயலான் கடைக்கு. 2018-இல் அமெரிக்காவின் ஃபோர்டு நிறுவனம் தன் நாட்டுச் சந்தையில் செடான்களைக் கைவிடப்போவதாக அறிவித்தது. உயர்ந்த உருவமுள்ள வேறு வண்டிகள் அந்த இடத்தைப் பிடித்துவருகின்றன. நாம் ‘நவீனம்’ என்று பேசிக்கொண்டிருக்கும் செடானே பழம்பொருளாகத் தொடங்கிவிட்டது. அழகியவற்றைக் காலம் எப்படியாவது காப்பாற்றிக்கொள்ளும். நாள்தோறும் பயன்பட்டவை சுவடின்றி மறையும். உப்பு வண்டியின் அடியில் கட்டிய மரத்துண்டு இருந்தது என்பதை இன்று நாம் அறிவது, ஒரு புலவர் குனிந்து பார்த்தார் என்பதனால்தான்.

இந்த வட்டத்தில் பத்தாண்டுகளில் படிக்கப்பட்ட கவிதைகளில் இ-டைப்புகள் சில இருக்கும். அவை தாமே வழி கண்டுகொள்ளும். பெரும்பாலானவை செடான்கள், ஒரு மாலைக்கு நம்மைக் கொண்டுசேர்த்து, பத்திரமாக வீடு திருப்பியவை. அந்தக் கையெழுத்துத் தாள்களையும், வருகைப் பதிவேட்டையும், கவிதை படித்தவர் குரலையும் திரட்டிக் காப்பதை அடுத்த பத்தாண்டின் முதற்பணியாக இவ்வட்டம் மேற்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நெடுந்தேர்களைப் பாட நாட்டில் பலர் உளர். சேம அச்சைக் குனிந்து பார்க்க நாம் சிலரேனும் இருப்போம்.